முட்டி கிழியாத பேன்ட்

எழுபத்தொரு வயது முரோய், பனிச்சறுக்கு உடைக் கடையின் நட்டநடுவில் ஸ்னோபோர்டு பேன்ட்டைப் போட்டுக்கொண்டு பதினோராவது முறையாக உட்கார்ந்து எழுந்தார்.

"தொடையில பிடிக்குது. வேற காட்டுங்கம்மா."

இது ஐந்தாவது பேன்ட். கடைக்காரி கியோமி சிரிப்பு மாறாமல் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அதே சிரிப்போடு கல்லாப் பக்கம் வந்து, கணவன் இவாசே யசுவோவின் காதில் பொரிந்தாள்.

"பல்லு போன வயசுல பனிச்சறுக்கு! வீட்டுல கேக்க ஆளில்ல போல."

யசுவோ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடை இருக்கும் யுசாவாவில் மூன்று நாளாக விடாத பனி.

"ஞாயித்துக்கிழமை மேலூருக்குப் போயிட்டு வந்துடலாமா? அம்மா வீட்டுக் கூரையில இந்நேரம் ஆள் உயரத்துக்குப் பனி ஏறியிருக்கும். தள்ளலைன்னா உத்தரம் தாங்காது."

"சீசன்ல, ஞாயித்துக்கிழமை கடையைப் பூட்டச் சொல்றீங்களா? கூரை சுத்தமா இருக்கு, வர வேணாம்னு நேத்து போன்ல அத்தையே சொன்னாங்கல்ல?"

"போன வருஷமும் அதேதான் சொன்னாங்க."

"அப்புறம் என்ன? வீடு நிக்குதுல்ல?"

வீடு நின்றுகொண்டுதான் இருந்தது. யசுவோ கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணத் தொடங்கினான்.

ஆறாவது பேன்ட். முரோய் ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தார். இறங்கினார். மண்டியிட்டார். பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"உக்கார்ற இடத்துல ரெட்டைத் துணிதானே? ஈரம் இறங்காதே?"

"நாள் முழுக்கப் பனியில உக்காந்தாலும் இறங்காதுங்க."

நாள் முழுக்க அங்கேதானே விழுந்து கிடக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் அவள் விழுங்கிக்கொண்டாள்.

"கால் வழியா பனி ஏறுமா?"

"உள்ள ரப்பர் பட்டி இருக்கு, பூட்ஸ் மேல மாட்டிக்கலாம். இடுப்புல ரெண்டு விரல் போற அளவுக்கு இடம் இருக்கணும். இருக்கு. இதுதான் உங்க அளவு." வேலையில் கியோமியைக் குறை சொல்ல முடியாது.

"இதையே குடுங்க. சிவப்புல."

அவளால் அடக்க முடியவில்லை.

"உங்களுக்குச் சாம்பல் கலர்தான் எடுப்பா இருக்கும், பெரியவரே. சிவப்பெல்லாம் பொண்ணுங்க திரும்பிப் பாக்கணும்னு பசங்க போடுறது."

"யாராவது பாக்கணும்லம்மா. தனியா ஏறுறேன். பனி சரிஞ்சு புதைஞ்சுட்டேன்னா, தோண்டுறவங்க கண்ணுல படணுமே."

"ஐயையோ! சறுக்கு மைதானத்துல காவலுக்கு ஆள் இருப்பாங்களே?"

"சறுக்கவெல்லாம் எனக்கு வராதும்மா. நான் ஏறுறது கூரை. முகட்டுல மண்டி போட்டுப் பனி தள்ளணும், இந்த வருஷம் மட்டும் மூணு பேன்ட் முட்டி கிழிஞ்சிருச்சு. போன வருஷம்தான் மேலூருக்குக் குடிவந்தேன். பக்கத்து வீட்டு இவாசே அம்மா தனியா இருக்காங்க. இடுப்பு முடியல அவங்களுக்கு."

யசுவோவின் கை கல்லாவிலேயே நின்றது. கியோமியின் முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும், இறக்கி வைக்க இடம் தெரியாமல், அப்படியே இருந்தது.

முரோய் குரலைத் தாழ்த்தினார்.

"ஊர் முழிக்கிறதுக்குள்ள ஏறி இறங்கிடுவேன். மகனும் மருமகளும் ஞாயித்துக்கிழமை தவறாம வந்து தள்ளிட்டுப் போறாங்கன்னு அந்தம்மா ஊர் பூரா சொல்லி வச்சிருக்காங்க. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."