டேங்க் மூடி

மாமனாரின் பழைய லாரிக்கு மூன்று வாரமாக ஒரு வியாதி. அரை மணி நேரம் ஓடும். பிறகு மூச்சுத் திணறி நின்றுவிடும். இன்னொரு தடவை நின்றால் விற்றுவிடப் போவதாக அவர் சொன்னதால், மெக்கானிக்கான மருமகனே கூட ஏறி வந்தான்.

சொல்லி வைத்தாற்போல் பாலத்தருகே நின்றது.

ஃபில்டரில் அடைப்பில்லை. பம்ப்பில் கோளாறில்லை. டேங்க் மூடியைத் திறந்தான். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது.

மூடியைத் திருப்பிப் பார்த்தவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"காத்து போற ஓட்டையைப் பசை போட்டு அடைச்சிருக்கான், மாமா! காத்து உள்ள போகலைன்னா டீசல் எப்படி வெளிய வரும்? நான் ஊர்ல இல்லாதப்ப எதிர்க்கடைக்காரன்கிட்ட காட்டினீங்களே, அவன் வேலைதான் இது. அறிவு கெட்ட முண்டம்! ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் கடை வச்சா இப்படித்தான்!"

மாமனார் மெல்லக் கனைத்தார்.

"அவர் அன்னைக்கே அந்தப் பசையைச் சுரண்டத்தான் வந்தார், மாப்பிள்ளை. நான்தான் விடலை."

"ஏன்?"

"மழைத்தண்ணி இறங்கும்னு, போன மாசம் ஃபோன்ல பேசிக்கிட்டே நீங்கதானே அடைச்சீங்க? மாப்பிள்ளை செஞ்ச வேலையில அடுத்தவரைக் கை வைக்க விடலாமா?"