படமில்லாத பக்கம்

இதழில் இரண்டு பக்கமாவது படமில்லாத கதை இருந்தால்தான் தபால் கட்டணத்தில் சலுகை. அதற்காகவே நியூயார்க்கின் அந்த விண்வெளிச் சித்திரக்கதைப் பத்திரிகையில் ஹைமனுக்குக் கதை எழுதும் வேலை கிடைத்திருந்தது.

"உன் கதைய எவன்யா படிக்கிறான்? உன் மச்சானோட கறிக்கடைக்கே வேலைக்குப் போயிடு," என்றான் ஓவியன் சால்.

"பிழை திருத்துறவனே படிக்கிறதில்லப்பா," என்று ஒப்புக்கொண்டு ராஜினாமாவை எழுதினான் ஹைமன்.

அன்றைய தபாலில் ஒரு சிறுமியின் கடிதம் வந்தது. 'மூணு வருஷமா உங்க கதை ஒண்ணு விடாம படிக்கிறேன்.'

ஹைமன் ராஜினாமாவைக் கிழித்துவிட்டுக் கடிதத்தைச் சாலிடம் நீட்டினான். "இப்ப சொல்லு."

சால் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை உரக்கப் படித்தான்.

'படம் போட்ட பக்கத்தையெல்லாம் அண்ணன் கிழிச்சு எடுத்துக்கிறான். மிச்சம் எனக்கு. தயவுசெஞ்சு உங்க பக்கத்துலயும் ஏதாவது படம் போடுங்க. அதையும் அவனே எடுத்துக்கட்டும்.'