தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை

நோயாளியைத் தொடுவதற்கு முன் பேச வேண்டும் என்பது ரேடியோகிராபி வகுப்பில் சொல்லித் தந்த முதல் பாடம். அந்த மாணவி அதை ஒருநாளும் விட்டதில்லை.

மேஜையில் படுத்திருந்தவரின் கைப்பட்டையில் இருந்த பெயரைச் சீட்டோடு சரிபார்த்தாள்.

"ஐயா, நெஞ்சுல ஒரு எக்ஸ்ரே எடுக்கணும். முதுகுக்கு அடியில பிளேட் வைக்கிறேன், கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்."

வார்டு உதவியாளர் தோளைத் தூக்கிப் பிடிக்க, பிளேட்டைப் பதமாகச் செருகினாள். படம் எடுத்து முடித்ததும், "அவ்வளவுதான் ஐயா, முடிஞ்சிடுச்சு" என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

"வேலையைப் பார்க்காம இதென்ன குசல விசாரிப்பு?" என்றார் டெக்னீஷியன்.

"பழகிடுச்சு சார்."

கதவைத் திறந்ததும், வெளியே பெஞ்சில் இருந்த, மேஜையில் படுத்திருந்தவரின் மனைவி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது வீங்கிய முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"நீ அவர்கூடப் பேசினது கேட்டுச்சும்மா! கண்ணு முழிச்சிட்டாரா? என்ன சொன்னார்?"

சாலை விபத்தில் கணவரின் உயிர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பிரேதப் பரிசோதனைக்காகக் கேட்ட படம் அது.

"போயிட்டார்னு டாக்டர் சொன்னப்பவே நான் நம்பலை. அவங்க தப்பாத்தானே சொல்லிட்டாங்க?"

மாணவி அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லம்மா. டாக்டர் சொன்னது சரிதான்" என்றாள். "நான்தான்... தனியாப் பேசிட்டிருந்தேன்."