கட்டைவிரல் பக்கங்கள்

"இன்னைக்கு அந்த ஸ்கேனரைத் தூக்கிட்டு வரலைன்னா என்னை ஏன்னு கேளுங்க சார்!"

நூலகப் பொறுப்பாளர்கிட்ட போன்ல கத்திட்டு, பெரிய துணிப்பையா பார்த்து ஒண்ணை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா பூதக்கண்ணாடி.

அது அவ பேர் இல்லை, எல்லாருமா வச்சது. மருந்துக்கடையில வேலை. டாக்டர் கிறுக்கினதையே தப்பில்லாம படிக்கிறவ கண்ணுலேர்ந்து வேற எது தப்பிக்கும்? வீட்டுக்காரர் சட்டை பட்டனை ஒரு ஓட்டை மாத்திப் போட்டுக்கிட்டுப் போனா, தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் சரி பண்ணிட்டு வருவா. ஒரு தடவை ஓடிப்போய்ப் பட்டனைப் பிடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது, அது வேற யாரோ. அது தனிக் கதை. அந்த மனுஷன் இன்னும் அந்தப் பக்கமே வர்றதில்லை.

விஷயத்துக்கு வர்றேன். இவளும் இன்னும் சில பேரும் சேர்ந்து ஒரு நூலகம் நடத்துறாங்க. கட்டடம் கிடையாது, அலமாரி கிடையாது. பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்திடுவாங்க, யார் வேணும்னாலும் போன்லயே படிச்சுக்கலாம். சம்பளம் கிம்பளம் ஒண்ணும் இல்லை, ஆசைக்குப் பண்றதுதான். யார் அனுப்பினாலும் பூதக்கண்ணாடி பக்கம் பக்கமாப் பார்த்து 'சரி'ன்னாத்தான் உள்ளே போகும்.

அவங்கள்ல ஒருத்தர் சலூன்காரர். கடையில ஆள் இல்லாத நேரத்துல பண்ணித் தர்றேன்னு, தானே கேட்டு ஸ்கேனரை வாங்கி வச்சிருந்தார். மேசை விளக்கு மாதிரி நிக்கும் அது. கீழே புத்தகத்தை விரிச்சுப் பிடிச்சா படம் எடுத்துக்கும்.

அவர் அனுப்புற புத்தகம் இருக்கே! கொஞ்சம் பக்கம் பளிச்சுன்னு இருக்கும். அப்புறம் கொஞ்சம் பக்கம் குடிச்சவன் நடை மாதிரி கோணல். அதுக்கப்புறம் பக்கத்துக்குப் பக்கம் ஒரு கட்டைவிரல். நடுநடுவுல தலைமுடி வேற.

"கதையில அந்தப் பொண்ணு அழறா, அவ மேல யாரோட மீசை விழுந்து கிடக்குது?"ன்னு எழுதித் திருப்பி அனுப்புவா.

"மன்னிச்சுக்கோங்கம்மா, கை நடுங்கிடுச்சு"ன்னு ஒரே பதில்தான் வரும்.

கடைக்குள்ள அவ நுழையும்போது, சலூன்காரர் ஒருத்தர் கழுத்துல கத்தி வச்சு மழிச்சுக்கிட்டு இருந்தார். கை ஒரு துளி ஆடலை.

"கை நடுங்குதுன்னீங்களேண்ணே?"

கத்தி அப்படியே நின்னுச்சு. "வாங்கம்மா... அது... கத்தியைப் பிடிச்சா நடுங்காது. புத்தகத்தைப் பிடிச்சாத்தான்..."

"ரெண்டு பேரும் அப்புறம் பேசுங்களேன். கழுத்து என்னோடது"ன்னார் நாற்காலியில இருந்தவர்.

அவ விடலை. "ஒரு ஆள் பண்ற வேலையா இது? வேற யார் கை வைக்கிறாங்க?"

"நான்தாம்மா. எல்லாத் தப்பும் என்னோடதுதான்"னுக்கிட்டே மிச்சத்தையும் மழிச்சு முடிச்சு, துண்டை உருவினார் சலூன்காரர்.

"படிக்கிறவங்க பாவம் இல்லையா? கடைசிப் பக்கத்துல கட்டைவிரல். கல்யாணம் ஆச்சா இல்லையான்னு ஒரு அம்மா எனக்கு போன் பண்ணிக் கேக்குறாங்க! மிஷினை எடுத்துட்டுப் போறேன்."

குனிஞ்சு பிளக்கைப் பிடுங்கிட்டா.

சலூன்காரர் முகம் செத்துப்போச்சு. "அம்மா... எதை வேணும்னாலும் எடுங்க, அதை மட்டும்..."

அதுக்குள்ள நாற்காலிக்காரர் எழுந்துட்டார். நாற்பது வயசு இருக்கும். தேய்ச்ச சட்டை, காலர் மட்டும் நைஞ்சு போயிருந்துச்சு. ஒரு கையில பைல். இன்னொரு கையைச் சட்டைப் பைக்குள்ள விட்டவர், வெளியே எடுக்கவே இல்லை.

"அண்ணே, இன்னைக்கு ஒரு இன்டர்வியூ. கிடைச்சுடும். கிடைச்சதும் முதல்ல உங்களுக்குத்தான்..."

"அட, காசை யார் கேட்டா?" சலூன்காரர் குரல் திடீர்னு ஓங்குச்சு. "இங்க எனக்கே கை ஒழியலை. புத்தகம் பாதியில நிக்குது. எப்பவும் போல இருபது பக்கம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க, நமக்குள்ள சரியாப் போச்சு. போன தடவை நீங்க எடுத்ததைப் பார்த்து மேலிடத்துல ஓஹோன்னு சொன்னாங்க, தெரியுமா?"

மேலிடம் பிளக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"நெசமாவா?" அந்த மனுஷன் நிமிர்ந்தார். காலரை இழுத்து விட்டுக்கிட்டு, ஆபீசுக்கு வந்த அதிகாரி மாதிரி ஸ்கேனர் முன்னாடி உட்கார்ந்தார். புத்தகத்தை விரிச்சுப் பிடிச்சார்.

பட்டையா, நகம் நடுவுல வெடிச்ச கட்டைவிரல். மாசக்கணக்கா அவ திட்டித் தீர்த்த அதே விரல்.

"கரண்ட் இல்லையாங்க?"ன்னு கேட்டார்.

பூதக்கண்ணாடி சலூன்காரரைப் பார்த்தா. அவர் சுத்தமா இருந்த சீப்பை மறுபடி துடைச்சுக்கிட்டு இருந்தார்.

"இருக்குங்க, இதோ." பிளக்கைச் சொருகினா. "நீங்கதானா அது? ரொம்ப நல்லா இருந்துச்சு. இப்படி ஓரமாப் பிடிச்சா இன்னும் நல்லா வரும்."

துணிப்பை காலியாவே வீடு திரும்புச்சு.

அடுத்த மாசம், ஒரு லீவு நாள்ல பொறுப்பாளர் போன் பண்ணினார்.

"என்னம்மா, அன்னைக்கு ஸ்கேனரை எடுக்காமலே வந்துட்டீங்க? ஆனா அந்தக் கடையிலேர்ந்து வர்றதெல்லாம் இப்ப சுத்தமா இருக்கே! கோணல் இல்லை, விரல் இல்லை. அவருக்குக் கை நடுக்கம் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு சார்."

"ஒரு தப்பு கூடவா இல்லை?"

"என் கண்ணுல ஒண்ணும் படலை சார்."

உள்பக்கமா பூட்டின சலூனுக்குள்ள, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, அடுத்த கட்டைவிரல் பக்கத்தை ஓரமாப் பிடிச்சு மறுபடி ஸ்கேன் பண்ணினா பூதக்கண்ணாடி.