நிற்காமல் வெட்டுவது

“எதுல வெட்டு நல்லா விழும்?”

கேட்ட மாடக்கண்ணு முன்னால் கடைக்காரன் ஷமீம் இரண்டு கேமிங் லேப்டாப்புகளைத் திறந்து வைத்திருந்தான். கல் உடைத்துக் காய்த்த விரலால் அவர் பொத்தானை அழுத்த, விளையாட்டில் ஒருவன் தலை துண்டாகி உருண்டது.

“ரத்தம் கம்மியா இருக்கே.”

“கூட்டிக்கிடலாம் அண்ணாச்சி. யாருக்கு?”

“இளையவனுக்கு. மூணு நாளு நிக்காம ஓடணும்.”

“ரொம்ப மெலிசா இருக்கது சூடேறித் திணறும். மத்தது கொஞ்சம் கனம், ஆனா நிக்காது.”

“அப்ப அதக் குடும்.”

ஷமீமுக்குப் பொறுக்கவில்லை. “நல்ல தகப்பன்தான் நீங்க. பிள்ளையப் படிக்கச் சொல்லாம வெட்டச் சொல்லுதிய.”

மாடக்கண்ணு வயல் விற்ற பணத்தை மேசைமேல் வைத்தார்.

“வியாழக்கிழமை மூத்தவனுக்குத் தலைத்திவசம். அதுக்குள்ள அவனக் கொன்னவன் தலைய எடுக்கணும்னு சொந்தக்காரனுவ இளையவன் கையில அருவாளக் குடுத்திருக்கானுவ. தலகாணிக்கு அடியில வச்சுப் படுத்திருக்கான்.”

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“வியாழன் கழியுத வரைக்கும் இதுக்குள்ளயே வெட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்.”