வாடை

ஊரடங்குத் தடைகளை நீக்கிப் பேருந்து விட்ட முதல் வாரமே சதானந்தம் மனைவியைக் கிளப்பிக்கொண்டு அந்தக் கடற்கரை ஊருக்கு வந்துவிட்டார். காய்ச்சலோடு போன அவருடைய மோப்பம் காபிக்கும் திரும்பவில்லை, கற்பூரத்துக்கும் திரும்பவில்லை. இங்கே வந்து இறங்கினால் திரும்பிவிடும் என்று நம்பியிருந்தார். ஒவ்வொரு வருடமும் பேருந்துக் கதவு திறக்கும்போதே கருவாட்டு வாடை முகத்தில் அறைகிற ஊர். இறங்கினார். கடல் தொலைக்காட்சியில் தெரிவதைப் போல வாடையே இல்லாமல் கிடந்தது. கோகிலம் வழக்கம்போல முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே கருவாட்டுக் கடைக்குப் போய் ஒரு சாளைக் கருவாட்டை எடுத்து மூக்கோடு அழுத்தினார். பிறகு இன்னொன்றை. பிறகு கூடைக்குள்ளேயே குனிந்துவிட்டார்.

"என்ன சார் இப்படி மோந்து பாக்கீங்க? கெட்டுப்போனதையா விக்கேன்?" என்றாள் கடைக்காரி. "கொஞ்சமாவது நாறுதான்னு சொல்லுங்க."

"நாறலம்மா."

"பின்ன என்ன?"

"நாறுறதா ஒண்ணு குடேன்."

அவள் கருவாட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். "இத்தன நாளா இங்க ஈ காக்கா வரல. முத ஆளா வந்து நக்கலா பண்ணுதீங்க?"

"வாங்க போலாம், குடலைப் புரட்டுது," என்றாள் கோகிலம் முந்தானைக்குள்ளிருந்து.

"எப்படிப் புரட்டுது? சொல்லு."

"நாத்தத்தை எப்படிங்க சொல்றது? நாத்தம்தான்."

சதானந்தம் அவளை முறைத்தார். பிறகு அவள் முந்தானையின் நுனியை வெடுக்கென்று இழுத்துத் தன் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

"இப்ப மட்டும் நாறுதாக்கும்?" என்றாள் கடைக்காரி.

அவர் ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டினார்.