தாரகாவின் ஷிப்ட்

"மாணவர் விசாவில கிழமைக்கு இருபது மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், தக்ஷிகா. மிச்ச ஷிப்டை முந்தி இங்க வேலை செய்த தாரகாவின்ர பேரில செய்யும்," என்றார் டூட்டிங் பகுதியிலிருந்த பலசரக்குக் கடையின் முதலாளி.

"அவ வந்து கேட்டா, அண்ணை?"

"கேக்கமாட்டா. நீர் யோசியாதையும்."

தாரகாவின் பெயர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு தக்ஷிகா கல்லாவில் நின்றாள். பிடிபட்டால் விசா போய்விடும், படிப்பும் போய்விடும்.

மாலையில் வந்த வயதான அம்மா ஒருவர் சாமான் எதுவும் எடுக்காமல் அந்த அட்டையையே பார்த்தார்.

"நீரோ தாரகா?"

தக்ஷிகா அட்டையைத் தொட்டுக் காட்டினாள். "ஓம், நான்தான்."

அந்த அம்மாவின் விரல்கள் மெல்ல அவள் கன்னத்தைத் தடவின.

"உன்ர சாம்பலையும் கரைச்சு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்துபோட்டமே, பிள்ளை. பிறகும் ஏன் வேலைக்கு வாறாய்?"